ஒரு குழியின் ஆட்சி எல்லை

இந்த நாட்டை நடத்த மூன்றடுக்கு அரசாங்கம் தேவையில்லை. நல்ல புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர் போதும். அப்புசாமி இதை டீக்கடையில் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனவர் அல்லர். சுதந்திர தினத்தன்று, தேசியக் கொடியின் கீழே, அறுபத்திரண்டு தொழிலாளர்கள் முன்னிலையில், மைக் பிடித்துச் சொன்னார்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற வழியில், ஊஞ்சக்காட்டுக்கு வழி பிரிகிற பிரிவில், மனைவி சாரதாமணி பெயரில் அவர் நடத்தும் பனியன் கம்பெனி இருக்கிறது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கரடி பொம்மை போட்ட பனியன் தைத்து அனுப்புகிறார்கள். அன்றைக்குத் தேசிய விடுமுறை என்பதால் அரை ஷிப்ட் மட்டும்தான் வேலை. கொடியேற்றம் முடிந்து, கேட்டுக்கு வெளியே எல்லாரும் லட்டுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பேச்சு.

“நம்ம கம்பெனியில ஒரு பீஸ்ல ஒரு தையல் விட்டுப்போச்சுன்னு வைங்க. எந்த லைன், எந்த மெஷின், எத்தன மணிக்கு விட்டுச்சுன்னு பத்து நிமிசத்துல சொல்லிப்போடுவேன். ஏன்? பொறுப்புன்னா பொறுப்பு. டெல்லியில ஒரு அரசாங்கம், சென்னையில ஒரு அரசாங்கம், ஊருக்குள்ள ஒரு அரசாங்கம். மூணுகிட்டயும் போய்க் கேளுங்க, ‘அது எங்களுது இல்லீங்க’ன்னு ஒரே பாட்டுத்தான். ஒரே ஒரு வருசம் என்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க. நாட்ட அயன் பண்ணி, மடிச்சு, கவர்ல போட்டுக் குடுத்தர்றேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது கூட்டத்தில் ஒரு தலை குறைந்திருந்தது.

நதியா ஓவர்லாக் டெய்லர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கைதட்டிக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்தவள், சாலையோரச் சாக்கடைக்குள் இடுப்பளவு இறங்கி நின்றாள். கேட்டுக்கு நேர் முன்னால், சாக்கடைமேல் போட்டிருந்த கல் ஒரு மாதத்துக்கு முன்பு உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. மூன்றடி நீளம், இரண்டடி அகலத்தில் குழி. கம்பெனி வேன் ரோட்டில்தான் நிற்கும். வேலைக்கு வருகிற அத்தனை பெண்களும் காலையிலும் மாலையிலும் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

“நீங்க பேசுனது நல்லாத்தான் இருந்துச்சு மொதலாளி,” என்றாள் நதியா, இரண்டு பேர் தூக்கி வெளியே உட்காரவைத்த பிறகு. “இந்தக் குழிய எந்த அரசாங்கம் பாக்கும்னு மட்டும் சொல்லாம விட்டுட்டிய.”

கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் நடக்கக் கூடாது என்றார்கள். மற்றப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஐப்பசியில் மழை இறங்கினால் அந்தப் பிரிவில் ரோடும் சாக்கடையும் ஒரே தண்ணீராகிவிடும். குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இப்போது கணுக்கால், அப்போது எதுவோ.

அப்புசாமி நதியாவின் ரூமுக்கே போய் வாக்குக் கொடுத்தார். “மழ எறங்கறதுக்குள்ள அங்க கல்லு கெடக்கும் அம்மிணி. அது என் பொறுப்பு. யாரோட குழியோ, அவீங்களயே வந்து போட வெக்கறேன்.”

முதலில் நகராட்சிக்குப் போனார். ரோட்டுக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் கருக்கன்பாளையம் நகராட்சி. பொறியாளர் மிகவும் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார், பிறகு ஒரு வரைபடத்தை விரித்தார்.

“உங்க கம்பெனி எங்களுதுங்க. கம்பெனி காம்பவுண்டு எங்களுது. காம்பவுண்டுக்கு வெளியில அந்தச் சாக்கடை இருக்குது பாருங்க, அதோட இந்தக் கரை எங்களுது. அந்தக் கரை ஊராட்சி. ஆனா தண்ணி யாரோடதுன்னு பாக்கோணும். அதுல ஓடறதெல்லாம் ஊஞ்சக்காட்டுத் தண்ணிங்க. எங்க தண்ணி அந்தப் பக்கமே வராது.”

“தண்ணி யாரோடதா இருந்தா என்னங்க? கல்லுதானுங்க வேணும்.”

“கல்லு பெரிய விசயமில்லீங்க. இப்பக்கூட நம்ம குடோன்ல நாப்பது கல்லு கெடக்குது. ஆனா ஒருக்கா போட்டமுன்னா அப்புறம் அது எங்களுதுன்னு ஆயிப்போயிருமுங்க. நீங்க ஊராட்சியப் பாருங்க.”

ஊஞ்சக்காடு ஊராட்சி அலுவலகத்தில் செயலர் சிவசுப்பிரமணியம் இருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்புசாமி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, எழுந்து நின்று பதில் சொன்னார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமல்ல அது.

“இருபத்தொம்பது துறைய அரசியல் சட்டமே எங்க கையில குடுத்திருக்குதுங்க. பாலம் இருக்குது, ரோடு இருக்குது, குடிதண்ணி இருக்குது, மீன் வளப்புக்கூட இருக்குது. கிராமம்தான் குடியரசுங்க. உலகத்துல எந்த நாட்டுலயும் அடிமட்டத்துக்கு இவ்வளவு அதிகாரம் இல்ல.”

அப்புசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. “அப்ப நாளைக்கே கல்லப் போட்டர்லாமுங்க.”

“அதிகாரம் இருக்குதுங்க. கல்லுதான் இல்ல.” செயலர் உட்கார்ந்தார். “கல்லு வாங்கோணும்ன்னா தீர்மானம் போடோணும். தீர்மானம் போடத் தலைவர் வேணும். தலைவருக்குப் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு. இப்பத் தனி அலுவலருங்க. அவரு எத்தன ஊராட்சியத்தானுங்க பாப்பாரு? அவரு எப்ப வர்றாரோ அப்பத்தான் இங்க குடியரசு. அதுமில்லாம, அது ரோட்டோரச் சாக்கடைங்க. ரோடு யாரோடதோ சாக்கடையும் அவீங்களுது. ஹைவேஸ்காரங்களப் பாருங்க.”

நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் அனுப்பிரியா சின்னப் பெண். தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட்டு நேரடியாகப் பேசினார்.

“அந்த ரோடு மாநில நெடுஞ்சாலையா இருந்துச்சு சார். இப்பக் கொள்கையளவுல தேசிய நெடுஞ்சாலைன்னு டெல்லியில அறிவிச்சுட்டாங்க. அதனால நாங்க அதுல கை வைக்க முடியாது.”

“செரிங்க, அப்ப டெல்லிக்காரங்க வெப்பாங்களா?”

“கொள்கையளவுலதான் சார் அறிவிச்சிருக்காங்க. இன்னும் ஏத்துக்கல. ஏத்துக்கிட்டாத்தான் அவங்களோடது.”

“இப்ப மாநிலத்தோடதும் இல்ல, தேசத்தோடதும் இல்லீங்களா?”

“ஆமா சார்.”

“நடுவுல யாரோடதுங்க?”

அனுப்பிரியா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத பெண். “நடுவுல ஃபைல் இருக்குது சார்.”

திரும்பி வரும்போது அப்புசாமி பைக்கை அந்த ரோட்டிலேயே ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோழி ஏற்றிய வண்டி போயிற்று, நூல் லாரி போயிற்று, படியில் ஆள் தொங்க ஒரு தனியார் பஸ் போயிற்று. இத்தனையும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிலப்பரப்பின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த டிரைவர்களில் ஒருவருக்காவது அது தெரியுமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தார். மனுவின்மேல் பச்சை மையில் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதி அதை நகராட்சிக்கு அனுப்பினார்கள். நகராட்சி ‘உரிய’ என்பது தாங்கள் இல்லை என்று பதில் எழுதியது. அப்புறம் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சுபஸ்ரீ, “மேல இருந்தே தட்டலாமுங்க சார்,” என்று சொல்லி, குழியை நான்கு கோணத்தில் போட்டோ எடுத்து, டெல்லி இணையதளத்தில் ஏற்றினாள்.

டெல்லி வேகமாகத்தான் இருந்தது. ஆறு நிமிடத்தில் நன்றி சொன்னது. இருபத்தாறு இலக்க மனு எண் கொடுத்தது. சாலைகள் சம்பந்தப்பட்ட அமைச்சகம் குழியைப் பரிசீலித்து, உள்ளூர் வடிகால் மாநிலப் பொருள் என்று சென்னைக்கு அனுப்பியது. சென்னை, உள்ளாட்சிப் பொருள் என்று மாவட்டத்துக்கு அனுப்பியது. மாவட்டம் ஒன்றியத்துக்கு. முப்பத்தெட்டாம் நாள் காலை, கம்பெனி வாசலில் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்திவிட்டு, குழியைக் கவனமாகத் தாண்டி, ஊராட்சிச் செயலர் சிவசுப்பிரமணியம் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது.

“டெல்லியில இருந்து வந்திருக்குதுங்க,” என்றார், கோயில் பிரசாதத்தைக் கொடுப்பதுபோல. “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அப்புசாமி படித்தார். மனு திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது என்று இருந்தது.

“ஏனுங்க, இப்பத்தான தாண்டி வந்தீங்க?”

“தாண்டித்தானுங்க வந்தேன். மனுதான் தீர்ந்துபோச்சுன்னு சொல்றமுங்க. குழி வேற. குழி எங்க சாஃப்ட்வேர்லயே இல்லீங்க. நீங்க கையெழுத்துப் போடலீன்னா எனக்கு மெமோ வந்துருமுங்க. எம்புள்ளைக்குத் தையில கல்யாணம் வெச்சிருக்கறேன்.”

கல்யாணம் என்றதும் அப்புசாமியால் மறுக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே அவருடைய போனுக்கு வாழ்த்துச் செய்தி வந்தது: உங்கள் குறை தீர்க்கப்பட்டது, சேவையை ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிடவும்.

அதற்குள் புரட்டாசி பாதி போய்விட்டது. காங்கேயம் பக்கம் இரண்டு மழை பெய்துவிட்டதாகச் சொன்னார்கள். நதியா மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு வேலைக்கு வரத் தொடங்கியிருந்தாள். ஒரு காலை ஊன்றித் தாண்ட முடியாது என்பதால், வேனிலிருந்து இறங்கியதும் இரண்டு பெண்கள் அவளைத் தூக்கி இந்தப் பக்கம் வைப்பார்கள். மாடி ஆபீஸ் ஜன்னலிலிருந்து அப்புசாமி அதைப் பார்ப்பார். பார்க்கும்போதெல்லாம் எட்டு வகையான அலுவலகங்களின் பெயரைச் சொல்லித் திட்டுவார்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், பேக்கிங் செக்‌ஷனில் கிடந்த ஒரு கனமான பலகையைக் கொண்டுவந்து குழியின்மேல் போட்டார்.

பலகை போட்டது காலை ஒன்பது மணி. பதினோரு மணிக்கு நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: எங்கள் ஆளுகைக்கு உட்பட்ட இடத்தில் ஆக்கிரமிப்பு. பன்னிரண்டரைக்கு ஊராட்சி: எங்கள் ஆளுகைக்கு உட்பட்ட நீர்வழியில் தடை. மூன்று மணிக்கு நெடுஞ்சாலை: எங்கள் ஆளுகைக்கு உட்பட்ட சாலை எல்லையில் அனுமதியற்ற கட்டுமானம். இரண்டரை மாதமாக அநாதையாகக் கிடந்த இடத்துக்கு ஒரே பகலில் மூன்று அப்பன்கள்.

அப்புசாமி பலகையை எடுத்துவிட்டு, மூன்று அறிவிப்புகளையும் கையில் பிடித்துக்கொண்டு நகராட்சிப் பொறியாளர் முன்னால் போய் நின்றார். “உங்களுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்க.”

“எடம் எங்களுதுதானுங்க,” என்றார் பொறியாளர் பொறுமையாக. “அதுல இருக்கற குழிதான் எங்களுது இல்லீங்க.”

அன்றைக்கு அப்புசாமி போட்ட சத்தத்தில் நகராட்சி அலுவலகமே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விளைவாக, மூன்று துறைகளும் சேர்ந்து குழியைக் கூட்டுப் புலத்தணிக்கை செய்வது என்று முடிவாயிற்று. தேதி குறித்துக் கடிதம் போட்டார்கள். தணிக்கைக் குழுவுக்கு டீயும் பஜ்ஜியும் கம்பெனி செலவு.

ஐப்பசி முதல் வாரத்தில் வந்தார்கள். பொறியாளர், செயலர், அனுப்பிரியா, டேப் பிடிக்க ஒருவர், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர். ஒரு வேலைக்கு எத்தனை ஆள் என்று அப்புசாமி சுபஸ்ரீ காதில் சொல்லிச் சிரித்தார். சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். குழியின் கிழக்குப் பக்கம் எட்டு அங்குலம் நகராட்சி என்றார் செயலர். ஏழரை என்றார் பொறியாளர். அரை அங்குலத்துக்காக ஒரு மணி நேரம் பேசினார்கள். மத்திய அரசின் பங்கு மூன்று அங்குலம் என்றும், அது கொள்கையளவில்தான் என்றும் அனுப்பிரியா குறித்துக்கொண்டார். வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் டேப் பிடித்தவர் குனிந்து குழிக்குள் பார்த்துச் சொன்னார்: “சார், இது சாக்கடைக் கல்லே இல்லீங்க சார். லாரி ஏறற மாதிரி கட்டுனது.”

மூவரும் குனிந்தார்கள். அனுப்பிரியா தன் ஃபைலைப் புரட்டினார். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தாளை வெளியே எடுத்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் படித்தார்.

“‘என் கம்பெனிக்குத் துணி லாரி வந்து போவதற்காகச் சாக்கடையின்மேல் என் சொந்தப் பயன்பாட்டுக்கு அமைத்துக்கொள்ளும் சிறு பாலத்தை, சேதமடைந்தால் என் பொறுப்பிலேயே சரிசெய்வேன் என்று உறுதி கூறுகிறேன். ஒப்பம், அப்புசாமி.’ இது உங்க கையெழுத்துங்களா சார்?”

அவருடையதுதான். அவருடைய கையெழுத்தில் ‘ப்பு’ எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

பொறியாளர் செயலரைப் பார்த்தார். செயலர் அனுப்பிரியாவைப் பார்த்தார். நகராட்சியும் ஊராட்சியும் நெடுஞ்சாலையும் அந்தப் பிரிவில் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்த தருணம் அது. செயலர் நிமிர்ந்து நின்றார். “இதுல எங்க மூணு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லீங்க. கூட்டாட்சின்னா இதுதானுங்க. நீங்க எந்த அனுமதியும் வாங்க வேண்டியதில்ல. இன்னைக்கே கல்லப் போட்டுக்கலாம்.” அங்கேயே உத்தரவு எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, அப்புசாமி கையில் கொடுத்துவிட்டு, மீதி பஜ்ஜியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள்.

அப்புசாமி ஆபீஸ் ரூமுக்குப் போய் உட்கார்ந்தார். உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு லேபர் கான்ட்ராக்டர் மணியனைக் கூப்பிட்டார்.

“மணியா, வெளிய இருக்கற குழியத் தாண்டிப் போயி வர்றது பூராம் யாரு?”

“டெய்லருங்க, செக்கிங் பொண்ணுங்க எல்லாம்தானுங்க.”

“அவீங்கெல்லாம் யாரோட ஆளு?”

மணியனுக்குக் கேள்வியின் போக்கு புரிந்துவிட்டது. “மெஷின்ல உக்கார்ற வரைக்கும்தானுங்க என்னோட ஆளு. வாசல் என்னோட கான்ட்ராக்ட்ல இல்லீங்க. அதுமில்லாம, கல்ல ஒடச்சது டையிங்ல இருந்து துணி ஏத்தி வந்த லாரிங்க. ஒரு லோடு அதிகம் ஏத்திட்டு வந்தான்.”

“ஆமா,” என்றார் அப்புசாமி. அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராயிற்று. “கட்டடமும் நம்முளுது இல்ல. வாடகைதான. ஓனர் காங்கேயத்துல இருக்கறாரு. பாலம் கட்டடத்தோட சேத்தியா, லாரியோட சேத்தியான்னு ஒண்ணு இருக்குதல்ல.”

“இருக்குதுங்க.”

“கல்லு பெரிய விசயமில்ல மணியா. ஆனா இன்னைக்கு நம்ம போட்டா, நாளைக்கு அந்த வாசல்ல எது நடந்தாலும் நம்ம தலையிலதான் வந்து விழும்.”

மணியன் தலையாட்டிவிட்டுப் போனான். அப்புசாமி கம்பெனி லெட்டர்பேடை எடுத்து, துணிக்குச் சாயம் போடும் டையிங்காரருக்கு ஒன்று, கட்டட ஓனருக்கு ஒன்று எழுதத் தொடங்கினார். எழுத வராது என்று நினைத்தார், ஆனால் வந்தது. ‘பார்வையில் கண்ட பொருள் தொடர்பாக’ என்ற வரி கை நிறுத்தாமல் ஓடிற்று.

ஜன்னலில் மழைத்துளி விழுந்தது. ஷிப்ட் முடிய அரை மணி இருந்தது. நதியா விந்தி விந்தி வந்து கதவருகே நின்றாள்.

“மொதலாளி, ஆபீசருங்க எல்லாம் வந்து அளந்துட்டுப் போனாவளே. குழி யாருதுன்னு தெரிஞ்சுட்டா?”

“தெரிஞ்சுருச்சு அம்மிணி.”

“அப்பக் கல்லு எப்ப வரும்?”

“லெட்டர் போட்டிருக்குது. ரெண்டு பக்கத்துல இருந்தும் பதில் வரோணும். நீயும் விழுந்ததப் பத்தி ஒரு மனு எழுதி, சுபஸ்ரீகிட்டக் குடுத்துட்டுப் போ. சேத்து அனுப்பிரலாம்.”

நதியா ஜன்னலைப் பார்த்தாள். மழை பலமாகப் பிடித்திருந்தது. ரோட்டிலிருந்து தண்ணீர் கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து, எது நகராட்சி எது ஊராட்சி என்று தெரியாதபடி ஆகிவிட்டன.

“மனு எழுதுதேன் மொதலாளி. இன்னும் அர மணி நேரத்துல வேன் வந்துரும். தண்ணிக்குள்ள குழி எங்கன கெடக்குன்னு தெரியாது. நாங்க அறுவது பேரு எப்படித் தாண்டுதது?”

அப்புசாமி பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலேயே அடுத்த வரியை முடித்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, தலை நிமிர்ந்து சொன்னார்:

“தாண்டறது வேன் சம்பந்தப்பட்டது கண்ணு. டிரைவரப் பாரு.”